வேங்கைக்குன்றில் எரியாத தீ

வளம் ஓங்குக! மேல்கரை நாடாளும் வேந்தர் நெடுவேளார் திருமுன்பு, கீழ்க்கரை நாட்டரசி பூதிமாதேவி தலைகுனிந்து விடுக்கும் ஓலை. உமது குடிகளின் நலம் கேட்க இன்று எமக்கு முகமில்லை, ஆயினும் கேட்கிறோம்.

எல்லைக் கோபுரங்கள் காணும் காட்சியை எமக்குக் காட்டுவது ஒரு கணினித் திரை. புதுத்திரையை வெண்மை, செம்மை, மஞ்சள், பச்சை, நீலம், கருமை என முழுநிறங்களால் நிரப்பிப் பழுதுபட்ட புள்ளி உண்டாவென்று சோதிப்பது எம் நாட்டு விதி. அமைச்சர் ஆதன்சேந்தனாரோ, இப்புதுத்திரை வந்தது இளவரசியின் நிச்சய நாளாதலால் கருந்திரை ஆகாதென்று, மங்கல நிறங்களான வெண்மை, செம்மை, மஞ்சள் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். அணையாமல் சிவந்தே நிற்கும் புள்ளி, திரையில் செவ்வொளி கலந்தே உண்டாகும் அம்மூன்றிலும் ஒளிந்துகொள்ளும். அந்தோ, அது அவருக்குத் தோன்றவில்லை!

மறுநாள் உமது வேங்கைக்குன்றின் பசுமையில் ஒரு செம்புள்ளி தெரிந்தது. அது உமது படை மூட்டிய அடையாளத் தீயேயென்று அமைச்சர் சாதித்தார், யாமும் தலையசைத்தோம். குன்றின் வேட்டுவர் தலைவர் இளவெயினரைப் பிடித்து வந்தனர். தம் மக்கள் தீ மூட்டவில்லையென்று அவர் குலதெய்வத்தின்மேல் ஆணையிட்டார். எவர் கேட்டார்? தேடிப்போன எம் வீரர் தீயைக் காணாத ஆத்திரத்தில் குடில்களைக் கொளுத்தினர்.

பின்னர், மணமகன் வீட்டார்க்கென அதே திரையில் இளவரசியின் படத்தை அமைச்சர் காட்டினார். மாணிக்க மூக்குத்தி மிக அழகென்று அவை புகழ்ந்தது. தாம் மூக்கே குத்தியதில்லையே என்றாள் இளவரசி. அமைச்சர் பேயறைந்தாற்போல் நின்றார். உடனே கருந்திரையை இட்டார். அப்புள்ளி அங்கும் சிவந்து நின்றது. தீர விசாரிப்பதே மெய்யென்று ஊருக்கு உரைத்தவர், கூனிக் குறுகித் தரையில் அமர்ந்துவிட்டார்.

சிறையினின்று வந்த தலைவர் அந்தத் தீயைத் தாமும் காண வேண்டுமென்றார். காட்டினோம். அதை விரல்நுனியால் மறைத்தபடி, இதை அணைக்கவா எம் வீடுகளை எரித்தீர் என்று வினவினார். அமைச்சர் அழுதார். எமக்கு அழவும் நாணமாயிருந்தது.

ஆதலின், எம் படை இன்றே குன்றைவிட்டு இறங்குக. கொளுத்தியவர் தம் கையாலேயே குடில் கட்டுக. இவ்வோலையைச் சுமந்து வரும் அமைச்சரை நீரே தண்டிக்க. தலையசைத்த எமக்குரிய தண்டத்தை இளவெயினர் சொல்லட்டும். அவர் சொல்லும்வரை யாம் அரியணை ஏறோம்.

இது எம் ஆணை. வெட்கத்தோடு இட்ட முத்திரை.