கம்பி இருந்த இடம்

அக்கா,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். மாடுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன், படி.

மேய்ச்சல் நிலத்தின் நடுவே அப்பா மின்கம்பி கட்டியிருந்தாரே, அவர் கண்ணை மூடிய பிறகு அதைக் கழற்றிவிட்டேன். அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஆனால் ஒரு மாடுகூடப் போகவில்லை. கம்பி இருந்த இடம்வரை மேய்ந்துவிட்டு அப்படியே திரும்பின. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உதை வாங்கியதுதான் மிச்சம்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கம்பியே இல்ல, இன்னும் எதுக்குடி இதுங்க இப்படிப் பயந்து சாகுது?" என்றாள். சொன்ன வேகத்திலேயே முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று காலை ஒற்றைக்கொம்பு மாடு அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே போனதில் எப்போது தாண்டியது என்று அதற்கே தெரியாது. பின்னாலேயே மற்றவையும் போய்விட்டன.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி அம்மா உன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று அப்பா சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் அது கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். நீ கூப்பிடுவாய் என்று காத்திருக்கப் போவதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, என்னைத் திட்டு. திரும்பிப் போக மாட்டேன்.

அம்மா தலையைக் குனிந்தபடியேதான் வாசலைத் தாண்டுவாள். உள்ளே வந்து சேரும்வரை அவளைக் கூப்பிட்டுவிடாதே.

உன் தங்கை