நீ ஒட்டிய ஈயம்

இன்று காலை டயர் கடையில் காரை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் போய் வரும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறுகிறது. சக்கரத்தை மெஷினில் சுழற்றிப் பார்த்த மெக்கானிக், ஈயத் துண்டு ஒன்றை எடுத்து, பின்பக்கக் காகிதத்தை உரித்து, சக்கரத்தின் உள்விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். "அஞ்சு கிராம்தான் சார் கம்மி. இனிமே உதறாது" என்றார். நான் எழுந்து ரோட்டோரம் போய் நின்றுகொண்டேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளிப்போடுவதில் நான் கெட்டிக்காரன். ஆபீசில் முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன் என்று நீயே கிண்டல் பண்ணியிருக்கிறாய்.

ஊட்டியில் தேயிலைக் கம்பெனி வேலை உனக்குக் கொடுத்த வியாதி கோல்ஃப். ரிட்டயராகி வேங்கிக்காலில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடிவந்தபோது உன்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மட்டை, இரும்புத் தலை வைத்த ஏழாம் நம்பர். ஏரி வற்றிய மாதங்களில் காலையில் அங்கே போய் மலையைப் பார்த்து அடிப்பாய். பந்து பொறுக்குவது என் வேலை. மாடு ஓட்டிக்கொண்டு போனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், முட்டையா பொறுக்குறீங்க?" என்று என்னைக் கேட்டார். அதற்கு நீ சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அப்புறம் ஒரு பந்தைக்கூட உன்னால் அடிக்க முடியவில்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கால் ஓரளவு திரும்பியது, வலது கை மட்டும் அடம் பிடித்தது. மட்டையின் மெல்லிய பிடிக்கு உன் விரல்கள் மடங்கவில்லை. கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் உறையை வாங்கி வந்து அதன் மேல் மாட்டினோம். கைக்கு அடங்கியது. ஆனால் லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"மட்டையோட தலை எங்க இருக்குதுன்னே தெரியலடா. வெறும் குச்சிய ஆட்டுற மாதிரி இருக்குது."

பிடியில் கனம் ஏறினால் வீசும்போது தலை லேசாகத் தோன்றும், தலையில் அதற்கு ஈடாகக் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்றாய். அன்று மத்தியானம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதைச் செய்தோம். பிடியின் நுனியிலிருந்து பதினாலு அங்குலம் அளந்து கோடு போட்டாய். இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே ஸ்டீல் ஸ்கேலைச் செருகி நிறுத்தி, கோடு போட்ட இடத்தை அதன் மேல் தாங்கி, மட்டையின் தலையை என் மருமகளின் கேக் தராசில் வைத்தோம். ரப்பர் இல்லாமல் ஓர் அளவு, ரப்பரோடு ஓர் அளவு. இருபத்துமூன்று கிராம் குறைந்தது. டயர் கடையில் நான் வாங்கி வந்த ஈயத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஐந்து கிராம். ஐந்து துண்டு போதும் என்றாய். "ரெண்டு கிராம் ஜாஸ்தி. இருந்துட்டுப் போவட்டும்."

ஒட்டுவதற்கு நான் கையை நீட்டினேன். "குடு இங்க. என் கை ஒட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாய். மட்டைத் தலையின் பின்பக்கக் குழிவில் வைப்பதற்குள் துண்டு நழுவும், விரல் நடுங்கும், மறுபடி எடுப்பாய். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஆனது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்க விடவில்லை. கடைசியில் மேலே கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியது மட்டும் நான். உன் வீட்டம்மாவை ஃபோன் போட்டு வரவழைத்துக் காட்டினாய். "பாத்தியா, இது இன்னும் செத்துப் போவல" என்று கையைத் தூக்கினாய்.

மறுநாள் ஏரியில் உன்னால் அந்த மட்டையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டுக் கீழே போட்டாய். "போதும்டா. இனிமே என்னைக் கூப்பிடாத."

மட்டை என் ஸ்கூட்டரில்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் டேப்பைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்துவிட்டு, மறுபடி சுற்றினேன். நாலு நாள் கெஞ்சி உன்னை ஏரிக்கு இழுத்துப் போனேன். மட்டை இடுப்பைத் தாண்டியது. அடுத்த வாரம் இன்னொன்றை எடுத்தேன். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. மட்டை தோளுக்கு வந்தது. "கை திரும்பிடுச்சி" என்று பால்காரரிடம்கூடச் சொன்னாய். இடது கையில் பிடித்திருந்த ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு வலது கையால் சோறு பிசைய ஆரம்பித்தாய். உன் வீட்டம்மா கண் கலங்கி, "எல்லாம் உங்களாலதாண்ணா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மற்றதை விட அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

நாலாவது துண்டை எடுத்த காலையில் அவசரத்தில் டேப்பைச் சரியாகச் சுற்றவில்லை. நீ இரண்டு பந்து அடித்ததும் அது பிரிந்து தொங்கியது. மட்டையைத் திருப்பிப் பார்த்தாய். குழிவில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது.

"டேய், மீதி எங்கடா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாய், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "கழண்டு விழுந்திருக்கும். இங்கதான் எங்கயாவது கிடக்கும்."

நீ தேட ஆரம்பித்தாய். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, காய்ந்த சேற்று வெடிப்புகளைக் குனிந்து குனிந்து பார்த்தாய். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் கூடவே தேடினேன். நாலாவது துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. குனிந்தால் விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டே தேடினேன். நீ நிமிர்ந்து அதைப் பார்த்தாய்.

"நெஞ்சு வலிக்குதாடா? போனா போவுது ஈயம், வா. உன் உடம்பக் கெடுத்துக்காத."

ஸ்கூட்டரில் ஏறும் முன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஒரு ஈயத்த ஒழுங்கா ஒட்டக்கூட இதுக்குத் தெம்பில்ல. லேசாயிட்ட மட்டையத் தூக்கிட்டு, கை வந்துட்டுதுன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன் பாரு." வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

அன்றைக்கே ஸ்பூன் உன் இடது கைக்குத் திரும்பிவிட்டது. நீ அப்புறம் ஏரிக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் சொல்ல வேண்டியிருக்கும். மழை வந்து ஏரி நிறைந்தது. தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் உனக்கு இரண்டாவது தடவை வாதம் வந்தது, ஒரே நாளில் எல்லாம் முடிந்தது.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டம்மா மட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. அன்னிக்கு அந்தக் கை ஒழுங்கா ஒட்டியிருந்தா இன்னும் ஆடியிருப்பேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சாரு." நான் "ஆமாம்மா" என்றேன். உன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதையும் சொன்னேன்.

டயர் கடையிலிருந்து வந்ததும் மட்டையை வெளியே எடுத்தேன். ஐந்தாவது துண்டு நீ வைத்த இடத்தில் அப்படியே, கொஞ்சம் கோணலாக இருக்கிறது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவே இல்லை. மற்ற நாலும் இப்படித்தான் இருந்தன. முதல் துண்டை எடுக்கப் போய் எனக்கு நகம் பிளந்தது. அப்புறம் கத்தியை அடுப்பில் காய்ச்சி, ஓரத்தில் விட்டு நெம்பி நெம்பித்தான் எடுத்தேன். நாலிலும் கத்தித் தடம் இருக்கிறது. அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் வீடு மூன்று வீடு தள்ளித்தான். இன்னும் அங்கே போய்ச் சொல்லவில்லை.

எதுவும் கழன்று விழவில்லையடா. உன் கை ஒட்டியதில் ஒன்றுகூட விழவில்லை.