தலையைத் தொட்ட குற்றம்

பிப்ரவரி 3
மூளைப் பாடத்துக்கான மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். பத்தாம் வகுப்பில் நாற்பது மூளைகள் இருப்பதாக வருகைப் பதிவேடு சொல்கிறது. தாள்கள் அப்படிச் சொல்லவில்லை. "சிறுமூளை சிறுவர்களுக்கு மட்டும் இருக்கும்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். இன்னொருத்தி பார்வையை முகுளத்திடம் ஒப்படைத்துவிட்டாள், கழுத்தில் கண் வைத்த மாதிரி. பன்னிரண்டு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். அப்படியானால் முட்டாள் யார்?

பிப்ரவரி 6
மூளைப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அவரவர் தலையையே தொடச் சொன்னேன். நெற்றி: யோசிப்பது, முடிவெடுப்பது. உச்சி: தொடுவுணர்வு. காதுக்கு மேலே: கேட்பது. பின்மண்டை: பார்வை. அதற்குக் கீழே சிறுமூளை: தள்ளாடாமல் நிற்பது. கழுத்துக்குழி: முகுளம், மூச்சு.
இத்தனை நாள் நான் தலையில் அடித்துக்கொண்டேன். இன்று நாற்பது பேரும் அடித்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் போன தலைமையாசிரியர்கூட நின்று நெற்றியைத் தட்டிப் பார்த்தார். "பிரமாதம் டீச்சர்" என்றார்.

பிப்ரவரி 20
கடைசி பெஞ்சில் ஒருத்தி. வாயே திறக்காததால் வகுப்பு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். இன்று தலையைத் தொட்டுத் தொட்டு ஆறையும் ஒப்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 14
பொதுத்தேர்வில் மூளைக் கேள்வி வந்தது. மாலையில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். வேறு பள்ளியிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினோராம் கேள்வி வந்ததும் அறை முழுக்கத் தலையைத் தொட்டு ஜாடை காட்டிக்கொண்டதாம். கூட்டுக் காப்பி. நாற்பது தாள்களும் நிறுத்திவைப்பு.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

மார்ச் 16
சிரிப்பெல்லாம் போய்விட்டது. தாள்கள் ரத்தானால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீண். ஊமைக்கோட்டானின் அம்மா வாசலில் காத்திருந்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சா?" என்றாள். ஆமாம், என்னைத் தவிர யார் சொல்லிக் கொடுத்தது?

மார்ச் 19
விசாரணை. இது நான் கற்றுத் தந்த முறை என்று விசாரிக்க வந்த கல்வி அதிகாரியிடம் விளக்கினேன். அப்படியானால் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும் என்றார். நியாயம்தான். முதலில் ஊமைக்கோட்டான். சிறுமூளை எதற்கு? கை மேஜைமேல் இருந்தது, வாயில் வார்த்தை இல்லை. அடுத்து நான்கு பேர் வந்தார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை.
ஐயோ — நான் மூளைக்குப் பாடம் நடத்தியதாக நினைத்திருந்தேன். விரலுக்கல்லவா நடத்தியிருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே ஒரு தரம் ஊமைக்கோட்டான் மேஜையிலிருந்து கையை எடுக்கட்டும் என்று கெஞ்சினேன். எடுத்தாள். விரல் பின்மண்டைக்குக் கீழே போனது, பதில் வந்தது. ஆறும் சரி.
அதிகாரி பேனாவை மூடினார். "புரியுது டீச்சர். ஆனா இதுக்கு விதியில இடமில்லையே."

மார்ச் 20
தலைமையாசிரியர் வழி கண்டுபிடித்துவிட்டார். யார் மேலாவது தப்பு இருந்தாக வேண்டுமாம். 'அனுமதி பெறாமல் இம்முறையில் நடத்தினேன். மாணவர்கள்மீது தவறில்லை' என்று நான் எழுதிக் கொடுத்தால் தாள்கள் திருத்தப் போகும். நீங்களும் ஜன்னலில் நின்று பாராட்டினீர்களே என்றேன்.
"எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லையே" என்றார்.
எந்தப் பகுதியில் பழுதோ பாவம். கையெழுத்துப் போட்டேன்.

மே 22
முப்பத்தெட்டு பேர் தேர்ச்சி. ஊமைக்கோட்டான் அறிவியலில் தொண்ணூற்றொன்று. அழுதேன்.

ஜூன் 4
பள்ளி திறந்தது. எனக்கு இனி ஆறாம் வகுப்பு: வேர், தண்டு, இலை. பத்தாம் வகுப்பில் புதிதாக வந்தவர் படத்தை மாட்டி நடத்துகிறார்.
சுற்றறிக்கை ஒன்று வந்தது. தேர்வறையில் யாரும் தலையைத் தொடக் கூடாதாம். எல்லா வகுப்பிலும் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. படித்துக் காட்டினேன். முன்வரிசைக் குட்டி ஒருத்தி எழுந்தாள்.
"தலை அரிச்சா என்ன டீச்சர் செய்யறது?"
"எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு சொறிஞ்சுக்கோ" என்றேன்.
வகுப்பே சிரித்தது. நான் சிரிக்காமல்தான் சொன்னேன்.