திரும்பியாச்சு

என்னங்க,

இன்றைக்கு வளைவு தாண்டியதும் வண்டியின் சிக்னல் தானாகவே அணைந்துவிட்டது. நான் கட்டைவிரலை அசைக்கவே இல்லை. டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, வண்டி நேரானதும் வாயை மூடிக்கொண்டது. வழக்கம்போல இடது தோளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தேன், நீங்கள் தட்டுவீர்கள் என்று. தட்டவும் ஆளில்லை, தட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஜொகூர் பாருவில், பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒரு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன்.

வண்டி என்றால் நம்முடையது இல்லை. நம் வண்டியின் புது மாடல். கடைக்காரர்கள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். எல்லாம் உங்கள் மகள் செய்த ஏற்பாடு. தினமும் காஸ்வே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவளுக்கு யோங் பெங்கில் தனியாகக் கிடக்கும் அம்மாவை நினைத்தால் கவலை. முதலில் வண்டியை விற்றுவிட்டுக் கார் வாங்கச் சொன்னாள். பிறகு கார் வேண்டாம், கிராப் டாக்சி கூப்பிட்டுப் போங்கள் என்றாள். நான் எதற்கும் மசியவில்லை என்று தெரிந்ததும், "ஓட்டித்தான் ஆகணும்னா புதுசையாச்சும் ஓட்டுங்கம்மா, பிரேக்காச்சும் நல்லா இருக்கும்லா" என்று இறங்கி வந்தாள். நம் வண்டிப் பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தௌக்கேயும் போன மாதமே கையை விரித்துவிட்டார். கார்புரேட்டருக்குச் சாமான் வருவதில்லையாம். இன்னொரு தடவை படுத்தால் எழுப்ப முடியாதாம். அதனால் வண்டியின் உரிமைப் பத்திரம், அந்தக் கிரானையும் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். பிடித்திருந்தால் பழையதை அங்கேயே கொடுத்துவிட்டுப் புதியதில் வீடு திரும்புவது. காலையில் அப்படித்தான் முடிவு.

புதியதைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பெயர்தான் அதே பெயர், ஆள் வேறு. நீங்கள் ஞாயிறுதோறும் பனியன் துணியால் துடைத்த குரோம் எங்கேயும் இல்லை, எல்லாம் மங்கிய கறுப்பு. முள் ஆடும் மீட்டர் போய் ஒரு வட்டக் கண்ணாடியில் எண்கள் ஓடுகின்றன. பின்சீட் ஒரு ரொட்டி சானாய் அளவுக்குத்தான் இருக்கிறது. உங்கள் உடம்புக்குப் பாதி சீட்டிலும் பாதி ரோட்டிலும் இருந்திருப்பீர்கள்.

ஆனால் ஓட்டிப் பார்த்தேனே, குறையே சொல்ல முடியவில்லை. காலையில் சோக்கை இழுத்துக் கெஞ்ச வேண்டாம். கிளட்ச் வெண்ணெய். நிற்கும்போது என் கால் இரண்டும் தரையில் பதிந்தன. இத்தனை வருஷம் நுனிக்காலில் நின்றவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அந்த வளைவு வரும்வரை.

நம் பழையது நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. உங்கள் கண்ணில் அழுத்தம் ஏறி, பக்கப் பார்வை சுருங்கி, இனி எதையும் ஓட்டக்கூடாது என்று சிகாமட்டில் டாக்டர் சொன்ன நாளில் நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பயந்துகொண்டு சுவரைப் பார்த்தேன். விற்றுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ வீட்டுக்கு வந்ததும் சாவியை என் முன்னால் வைத்து, "லைசென்ஸ் எடு. நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றீர்கள். எஸ்டேட்டில் அப்பாவின் பழைய காப்சாய், அந்தச் சின்ன மோட்டார்சைக்கிளை ஓட்டிப் பழகியவள்தான் நான். இருந்தாலும் இந்தப் பெரிய வண்டியில் உங்களையும் ஏற்றிக்கொண்டு முதல்முறை கோயிலுக்குப் போனபோது, பூசை முடிந்து வெளியே நின்ற அத்தனை ஆண்களும் நம்மையேதான் பார்த்தார்கள். பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வர வெட்கமாக இல்லையா என்று உங்கள் அண்ணனே கேட்டார். நீங்கள் ஹெல்மெட்டை நிதானமாகக் கழற்றி, "நான் டிரைவர் வச்சிருக்கேன். உங்கள்ல யாருக்காவது இருக்கா?" என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் வாயில் எனக்கு அதுதான் பெயர்.

டிரைவருக்கு எல்லாம் வந்தது, சிக்னலை அணைப்பது மட்டும் வரவில்லை. திரும்பும் முன் ஒழுங்காகப் போட்டுவிடுவேன். திரும்பிய பிறகு மறந்துவிடுவேன். நம் வண்டியில் அது தானாக அணையாது. இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டி, காதுக்குப் பக்கத்தில், "திரும்பியாச்சு" என்பீர்கள். நான் அணைப்பேன். அடுத்த முனையிலும் அதே கதை. ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து, ஒரு விளக்கு எரிந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். "பின்னால வர்றவனுக்கு நீ பொய் சொல்லிட்டுப் போற. திரும்பி முடிச்சிட்டு இன்னும் திரும்பப் போறேன்னு சொன்னா, அவன் உன்னையே நம்பிக் காத்துட்டு வருவான் பாவம்" என்றீர்கள். வீட்டு வாசலில் நான் என்ஜினை நிறுத்தியதும், உள்ளே யாருமே இல்லாவிட்டாலும், அதே சொல்லைக் கொஞ்சம் உரக்கச் சொல்வீர்கள். ரோட்டுக்கும் வீட்டுக்கும் உங்களிடம் ஒரே சொல்தான் இருந்தது.

சிகாமட்டில் வெள்ளம் வந்த வருஷம் நினைவிருக்கிறதா? கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மழைச்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, லாபிஸ் தாண்டியதும் ரோட்டையே காணோம், பழுப்புத் தண்ணீர்தான். போலீஸ்காரர் கையை ஆட்டித் திருப்பி அனுப்பினார். செம்பனை லாரிகள் வாரியடித்த சேற்றில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. நீங்களும் பாதிதான் பார்ப்பவர். சிக்னலைப் போட்டு வண்டியைத் திருப்பி, பயத்தில் ஊர்ந்தபடி வந்தேன். அப்போதும் தோளில் இரண்டு தட்டு, "திரும்பியாச்சு." அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயமும் போனது. நம் இருவருக்கும் சேர்த்து ஒன்றரைப் பார்வைதான் இருந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது.

ஒரே ஒரு பயணத்தில்தான் நான் ஓட்டவில்லை. ஆம்புலன்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்கு நடுவே, "இன்னிக்கு டிரைவருக்கு லீவா?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் உங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் அங்கிருந்து வீடு திரும்பவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். விற்பனையாளர் நம் தமிழர்தான், நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து வண்டி ஏதாவது தொந்தரவு கொடுத்ததா என்று பதறினார். சிக்னல் தானாக அணைகிறதே என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாக்கா, நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிறகு வெளியே நின்ற நம் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்சீட்டில் ரப்பர் வலைக்குள் கட்டியிருந்த உங்கள் ஹெல்மெட்டைக் காட்டி, பின்னால் யாரும் ஏறுவார்களா, அப்படியென்றால் பெரிய சீட் போட்டுத் தருகிறேன் என்றார். ஏறுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த ஹெல்மெட்டை எதற்கு ஜொகூர் பாருவரை சுமந்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிரானைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றேன். நல்ல வண்டி, ஆனால் நீங்கள் செய்த வேலையை அது எடுத்துக்கொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. நுனிக்காலில் நிற்பதே எனக்குப் பழகிவிட்டது என்று மகளிடம் சொல்லிக்கொள்கிறேன். சாமான் கிடைக்காவிட்டால் தௌக்கே பழைய வண்டிகளிலிருந்து கழற்றிப் போடட்டும். ஓடுகிறவரை ஓடட்டும்.

ஹைவேயில் ஏறாமல் கூலாய், சிம்பாங் ரெங்கம், ஆயர் ஹித்தாம் என்று பழைய ரோட்டிலேயே வந்தேன். பானைக் கடைகள், செம்பனை, மறுபடியும் செம்பனை. பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார். சிம்பாங் ரெங்கத்தில் போட்ட சிக்னல் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். பயமாக இல்லை, களைப்பும் இல்லை. தனியாக இருந்தது, அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் காற்று இவ்வளவு இருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

நம் லோரோங் சந்துக்குள் திரும்பி, கேட்டைத் திறந்து, வண்டியைக் கார் நிறுத்தும் கூரைக்கடியில் ஏற்றி என்ஜினை நிறுத்தினேன். சாவியை எடுக்கவில்லை. சிக்னல் மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் மஞ்சளாக வந்து வந்து போனது, பின்சீட்டில் உங்கள் ஹெல்மெட்டிலும். பின்னால் வருகிற அத்தனை பேருக்கும், கடைக்காரருக்கும், எனக்கும், இன்னும் யாரோ திரும்பப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறேன். நம்பிக் காத்திருந்தவள் நான்தான்.

"திரும்பியாச்சு" என்றேன், வீட்டைப் பார்த்துக் கொஞ்சம் உரக்க. என் வாயால் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. விளக்கை நானே அணைத்தேன். ரப்பர் வலையை அவிழ்த்து ஹெல்மெட்டை உள்ளே கொண்டுவந்து, இதோ எழுதுகிற மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இனி அது வண்டியில் வராது. தோளை மட்டும் இப்போதும் கொஞ்சம் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.