ஒரே தொட்டியில் இரண்டு நோய்

பெரியவனுக்கு,

உலகத்தில் இல்லாத ஒரு வைரஸுக்கு நீ பெயர் வைத்திருக்கிறாய். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் போகவில்லை, நீயும் சுகமாகத்தான் இருப்பாய், கட்டுரை வெளியான அன்று ஆய்வுக்கூட வாசலில் எடுத்த படத்தில் கன்னம் உப்பித் தெரிந்தது. உன் அத்தை அந்தப் படத்தைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் சொந்தம்னு உங்க பையன் கண்டுபிடிச்சிட்டானாமே" என்றார். அந்தச் சொந்தம் எங்கள் செடிநோய்த் துறையில் எப்போதோ தெரிந்ததுதான், இவன் கண்டுபிடிக்கவில்லை என்றேன். பாவம், நான் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

உனக்கு மறந்திருக்கும், மறுபடி சொல்கிறேன். பாக்டீரியாவுக்குள் குட்டி டி.என்.ஏ. வளையமாகத் தனியே கிடக்கும் பிளாஸ்மிட்டும் இலையைச் சுருட்டும் வைரஸும் ஒரே ஜாடையுள்ள புரதத்தை வைத்துத்தான் தங்கள் டி.என்.ஏ.வை நகலெடுக்கின்றன. அந்தப் புரதம் வளையத்தின் ஓர் இழையைக் குறித்த இடத்தில் வெட்டும், வெட்டிய நுனி அதன் மேலேயே ஒட்டிக்கொள்ளும், பசை நாடாவைக் கிழித்தால் விரலில் ஒட்டுமே அப்படி, பிறகு வளையம் சுழலச் சுழலப் புது இழை வளரும். ஏதோ ஒரு பிளாஸ்மிட் என்றோ ஓர் உறைக்கான மரபணுவைப் பிடித்துக்கொண்டு வைரஸ் ஆகியிருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். ஜாடை இருக்கிறது, நடுவில் நின்ற ஆள்தான் கிடைக்கவில்லை. அந்த ஆளைப் பிடித்துவிட்டேன், பாதி வளையம் பிளாஸ்மிட், பாதி வைரஸ் என்று நீ எழுதியிருக்கிறாய். எங்கே பிடித்தாய்? நான் அனுப்பிய இலையில். அது இலைச்சுருட்டை பிடித்த தக்காளியின் மேல் சிற்றிலை நோய் பிடித்த கத்தரிக் குச்சியை நான் ஒட்டுக் கட்டி வைத்திருந்த செடி. தக்காளியில் வைரஸ், கத்தரியின் சாற்றுக் குழாயில் பாக்டீரியா, அதற்குள் பிளாஸ்மிட். ஆய்வுக்கு நோய் இலை வேண்டும் என்று நீ அவசரப்படுத்தினாய், கைக்கு எட்டியதைக் கிள்ளி அனுப்பினேன், அன்றைக்கே போனில் விவரமும் சொன்னேன், "சரிம்மா, சரிம்மா, தெரியும்" என்றாய். இலையிலிருந்த டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்ததைக் கம்ப்யூட்டர் சேர்த்துத் தைக்கும்போது, ஜாடை ஒத்த இடத்தில் ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் ஒட்டிவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு வீட்டுக் குப்பை ஒரே தொட்டியில கெடந்தா, ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தம் ஆயிடுச்சுன்னு சொல்லுவானா உன் புள்ள" என்று கேட்டார். என் பிள்ளையாம், நல்லது செய்தால் மட்டும் அவர் பிள்ளை.

கம்ப்யூட்டர் தைத்ததை நான் மன்னிப்பேன், அதற்கு வெட்கம் கிடையாது. உங்கள் குழுவில் கடைசி மேசையில் உட்காரும் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். முதல் கேள்வியே "அம்மா, அந்தச் செடி ஒண்ணா ரெண்டா?" என்பதுதான். இத்தனை பட்டம் வாங்கிய நீ கேட்காத கேள்வி. இரண்டு பாதியும் சேரும் இடத்தை அவள் எத்தனையோ முறை நகலெடுத்துப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, அப்படி ஒரு வளையம் இருந்தால் வந்திருக்க வேண்டும் என்றாள். கூட்டத்தில் அதைச் சொன்னதற்கு உங்கள் தலைவர் "கை சரியில்லாதவங்க வேற வேலை பாக்கலாம்" என்றாராம், நீ குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாயாம். கட்டுரையில் அவள் பெயர் இல்லை, மாத முடிவோடு அவளுக்கு இடமும் இல்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர். அவள் விழுந்தால் கீழே தரை, நீ விழுந்தால் நாங்கள் இரண்டு சம்பளக்காரர்கள் போட்ட மெத்தை. "அவளுக்கு வேற இடம் கெடைக்கும்மா" என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறாய். உனக்குக் கிடைக்கும்டா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், நீ ஒரு பெண்ணையே மறைத்துவிட்டாய்.

நானும் சோதித்துப் பார்த்துவிட்டேன். குச்சி வெட்டிய தாய்க் கத்தரியில் பிளாஸ்மிட் மட்டும், ஒட்டாத தக்காளியில் வைரஸ் மட்டும், ஒட்டுச் செடியில் இரண்டும் தனித்தனியாக. நீ பெயர் வைத்த வளையம் எதிலும் இல்லை. முடிவுகளை அவளுக்கும் அனுப்பினேன், உங்கள் தலைவருக்கும் அனுப்பினேன். உங்கள் மகனிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று அவரிடமிருந்து ஒரே வரி பதில், நல்ல ஆளிடம்தான் சேர்ந்திருக்கிறாய். நான் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் கூரை இன்னும் ஒழுகுகிறது, அந்த ஒட்டுச் செடித் தொட்டியை மட்டும் நனையாத மூலைக்கு நகர்த்தியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து இலை கிள்ளிப் பார்க்கட்டும். உன் தங்கையின் குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது, எதைக் கொடுத்தாலும் கடிக்கிறது. நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, அந்த ஆசிக்கு நான் நிபந்தனை போடவில்லை.

என்ன செய்யப் போகிறாய் என்று போனில் இரண்டு முறை கேட்டேன். ஒரு முறை சிக்னல் இல்லை என்றாய், ஒரு முறை இங்கே மழை என்றாய். கடிதத்தில் மழை பெய்யாது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று பத்திரிகைக்கு எழுது. மாதம் முடிவதற்குள் எழுது. அவள் பெயரை முழுதாக எழுது.

உன் அம்மா