வெண்ணிக்கோதை பணிமாந்தர் நாயகமான செய்தி

ஏரிகள் கரைதொட்டு நிறைக. ஏர்முனை ஓயாது உழுக. வாயில்தோறும் விருந்தினர் முகம் மலர்க. செம்பொறை நாடாளும் கோ வாகை நெடுவேளார் திருவடிப் பணியில் நிற்கும் மூத்த அமைச்சர் ஆதன் பெருங்கோவன், கீழைக்கூற்றத்தைக் குடைநிழலாய்க் காத்துவரும் தலைவர் அரியநம்பியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் ஆநிரையும் நலமென்று கேட்டு மகிழ்ந்தோம். இங்கும் நலமே, நலத்துக்கு மேல் ஒரு நற்செய்தியும் உண்டு.

நம் அரண்மனையில் பணிமாந்தர் நாயகம் என்றொரு பதவி இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். எப்பணிக்கு எவர் தகுவார் என்று தேர்வதும், தேர்ந்தவரை அப்பணியில் நிலைக்கச் செய்வதும், அவர்தம் குறை கேட்டுத் தீர்ப்பதும் அப்பதவியின் கடன். போர் ஓய்ந்த படைத்தலைவர்களுக்கே வழிவழியாக அதைக் கொடுத்து வந்தோம்; அவர்களும் களத்தில் நிற்பதுபோலவே கூவிக்கொண்டிருந்தார்கள்.

அப்பதவியின்மேல் ஆசை வைத்தவள் வெண்ணிக்கோதை. அரசவை முன்றிலில், மன்னரைக் காண வருவோரை வரவேற்று அமர்த்தும் பணி அவளுடையது. வருபவர் நடையைக் கண்டே, முறையிட வந்தவரா, வாழ்த்த வந்தவரா என்று அறிந்துகொள்வாள். ஓய்வு கிடைத்தால் குதிரை லாயத்திலும் மடைப்பள்ளியிலும் போய் அமர்ந்து, அவரவர் வேலையில் எது இனிக்கிறது, எது வதைக்கிறது என்று கேட்டுத் திரிவாள். சென்ற ஆண்டு அப்பதவி வெற்றிடமானபோது தனக்குத் தருமாறு விண்ணப்பித்தாள். ஆளைப் பார்ப்பதும் ஒரு வித்தையோ என்று படைத்தலைவர் மள்ளனார் நகைக்க, அவையும் சேர்ந்து நகைத்தது; பதவி ஆளின்றியே கிடந்தது. அன்று வீடு திரும்புகையில் அவள் கண் கலங்கியது உண்மை. மறுநாள் முன்றிலில் முகம் மலர நின்றதும் உண்மை.

இவ்வாண்டு கார்காலம் நெருங்கிய வேளையில், வாகைப் பேரேரியின் கரையை உயர்த்திக்கொண்டிருந்த கூலியாட்கள் ஒருசேர எழுந்து போய்விட்டார்கள். கரை பாதியில் நின்றது. மழை முந்திக்கொண்டால் ஏரிக்குக் கீழுள்ள ஊர்களெல்லாம் வெள்ளத்துக்கு இரை. வேல்வீரரை விட்டு இழுத்து வருவதாக மள்ளனார் மீசையை முறுக்கினார். அப்போது கோதை முன்றிலிலிருந்து உள்ளே வந்து வணங்கி, "இழுத்து வந்த கை மண்ணைக் கொட்டும், மன்னவா, கரையைக் கட்டாது. நான் போய் என்னவென்று கேட்டு வருகிறேன்" என்றாள். மன்னர் அவளை நெடிது நோக்கி, அங்கே உன் சொல் எம் சொல்லாகுக என்று விடை கொடுத்தார்.

கூலியாட்கள் புளியந்தோப்பில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கோதை தானும் ஒரு கலயம் வாங்கிக் குடித்துவிட்டு, யாரையும் கடிந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்களுள் வாய்த்துடுக்கான செங்காணி என்பவளே முதலில் பேசினாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே வரைகிறோம்: "கூலிக்கு என்ன கொறை, தாயி? மதிப்புக்குத்தான் கொறை. அந்த எயினன் இருக்காரே, மண்ணைக் கொட்டுங்கிறாரு, கொட்டினா ஏன் கொட்டினேங்கிறாரு. எதுத்துக் கேட்டா மாடுங்கிறாரு. மாட்டுக்காச்சும் பேரு வெச்சுக் கூப்பிடுவாங்க!"

எயினன் கரைவேலையின் மேலாள். மதகு நுட்பத்தில் நாட்டிலேயே நிகரற்றவர். அவரைக் கோதை கடிந்துகொள்வாள் என்றே எல்லாரும் காத்திருந்தார்கள். அவளோ கரைமேல் தனியே நின்றவரிடம் போய், "உங்க வேலையில எது உங்களை வதைக்குது, ஐயா?" என்று கேட்டாள். அதுவரை அவரை அப்படிக் கேட்டவர் இல்லை. "தண்ணி எங்க முட்டும், எங்க கசியும்னு கேளு, சொல்றேன். இத்தனை பேரை மேய்க்கச் சொன்னாத்தான் நெஞ்சு படபடங்குது. பயத்துலதான் கத்துறேன், அம்மா" என்றார் அவர்.

எயினன் இனி மதகை மட்டும் பார்க்கட்டும், ஆட்களைச் செங்காணி நடத்தட்டும் என்று கோதை தோப்புக்குத் திரும்பித் தீர்த்துச் சொன்னாள். செங்காணி தலைமுண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்தாள். எயினன் கூட்டத்தின் முன் வந்து, வாய்தவறிய சொற்களைப் பொறுக்குமாறு கைகூப்பினார். கூடைகள் மீண்டும் தலைக்கு ஏறின. கரை முடிந்து புல்லும் பதித்த பின்னரே முதல் மழை இறங்கியது. ஏரி ததும்பியது, கரை ஒரு சொட்டும் கசியவில்லை.

அவை கூடியபோது மள்ளனாரே முதலில் எழுந்து, இப்பதவி இவளுக்கே உரியது என்று உரைத்தார். மன்னர் தம் கையாலேயே பதவி மோதிரம் அணிவித்தார். கோதை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

அவளுடைய முதல் ஆணை எவர்மேல் பாய்ந்தது என்று கேளுங்கள். ஓலை எழுதுவோன்மேல் யாம் எரிந்து விழுந்ததைக் கண்டவள், கடைசியாக எப்போது ஓய்ந்திருந்தீர்கள் என்று எம்மை வினவினாள். யாம் ஆண்டுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்குமுன்னே, தை வரை ஓய்வு என்று ஆணையிட்டுவிட்டாள். மன்னர் வயிறு குலுங்க நகைத்து அவள் பக்கமே தீர்ப்புரைத்தார்.

ஆகவே ஆணை இது: கீழைக்கூற்றத்தில் பணிக்கு ஆள் வேண்டினும், ஆளுக்குக் குறை நேரினும், வெண்ணிக்கோதைக்கே ஓலை விடுக்க. எமக்கு எழுதற்க. தை பிறக்கும்வரை கடற்கரையில் மகள் இல்லத்தில் மீன்குழம்பு உண்டு உறங்குமாறு பணிக்கப்பட்டுள்ளோம். மீறி எழுதப்படும் ஓலை பிரிக்கப்படாமலே திரும்பும்.

இதன்கண் வாகைப்பூ இலச்சினை பொறித்தோம். அந்த முத்திரையை எம் கையிலிருந்து வாங்கித் தை வரை பூட்டிவைக்க, கோதை எதிரே சிரித்தபடி நிற்கிறாள்.