பத்தொன்பதாம் தேதிக் காய்ச்சல்

ஸ்காட்லாந்து
20-3-1961

பிரியமுள்ள ரெங்கத்துக்கு,

இங்கே நான் சுகம். நீயும் நம் பிள்ளை செண்பகமும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுது. பனி இன்னும் விடவில்லை. காதைச் சுற்றிக் கம்பளியைக் கட்டிக்கொண்டு லாபரட்டரிக்குப் போகிறேன். பார்த்தால் சிரிப்பாய்.

ஒரு சங்கடம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த இந்த விஸ்கி ஆலையை மறுபடி திறந்து எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு வடித்து மரப்பீப்பாயில் அடைத்ததை வருகிற ஏப்ரல் 19ஆம் தேதிதான் முதன்முதலாகத் திறக்கிறார்கள். வேறு ஆலைச் சரக்கு ஒரு சொட்டுக் கலக்காத சிங்கிள் மால்ட். தேறினால் ஆலை நிற்கும், இல்லாவிட்டால் பழையபடி பூட்டுதான். ருசி பார்க்கிற மூன்று பேரில் என்னையும் சேர்த்திருக்கிறார் மேனேஜர். வாயில் விட்டுத் துப்பிவிடலாம், விழுங்க வேண்டியதில்லை. கெமிஸ்டே மாட்டேன் என்றால் எப்படி?

புறப்படும்போது குற்றாலத்தில் வைத்து, குடிக்க மாட்டேன் என்று செண்பகத்தின் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை நான் மறக்கவில்லை. நீ சரி என்றால்தான் தொடுவேன்.

உன்
நல்லதம்பி

*

தென்காசி
30-3-1961

அன்புள்ள அத்தானுக்கு ரெங்கம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. அதென்ன, துப்பிவிடலாமாம்! எங்க அப்பாவும் முதலில், "பல்வலிக்கு வாயில வச்சுத் துப்புதேன் தாயீ" என்றுதான் சொன்னார். மதுவிலக்கு வந்த பிறகும் மலையடிவாரத்தில் களவாகக் காய்ச்சுகிற இடத்தைத் தேடி நடந்தே போனார். வயிறு வீங்கிச் செத்தபோது எனக்குப் பதினேழு வயது.

நீங்கள் கை வைத்தது நான் பெற்ற பிள்ளையின் தலை. அவளுக்கு ஒன்று என்றால் உங்கள் மேனேஜரா வந்து பதில் சொல்வார்? வேண்டாம் அத்தான். முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

செண்பகம் தபால்காரரைக் கண்டாலே மறித்துக்கொண்டு, "எங்க அப்பா எப்ப வருதாவ?" என்று கேட்கிறாள். பாவம், அவர் தினமும் ஒரு தேதி சொல்லித் தப்பிக்கிறார்.

ரெங்கம்மாள்

*

தென்காசி
22-4-1961

அத்தானுக்கு,

பத்தொன்பதாம் தேதி சாயங்காலத்திலிருந்து பிள்ளைக்கு அனலாகக் கொதிக்கிற காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

என் மனசில் ஒன்றுதான் ஓடுகிறது. அன்றைக்கு அங்கே என்ன நடந்தது? மறைக்காமல் எழுதுங்கள்.

ரெங்கம்மாள்

*

ஸ்காட்லாந்து
1-5-1961

ரெங்கம்,

உன் கடிதம் காலையில் வந்தது. உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், குடித்தேன்.

நீ வேண்டாம் என்று எழுதியதும் வந்து சேர்ந்தது. பதில் போடாமல் நாளைக் கடத்தினேன். முகர்ந்து சொல்லத்தான் போனேன். பழுத்த பலாச்சுளை வாசம், அடியில் கொஞ்சம் புகை. அதோடு கிளாஸைக் கீழே வைத்திருக்கலாம். ஒரு வாய் விட்டேன். முதலில் பனங்கற்கண்டு மாதிரி இனிப்பு, பிறகு நாக்கு நுனியில் மிளகுக் காரம். துப்பினேன். விழுங்கினால்தான் தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியும் என்றார்கள். யாரும் கையைப் பிடித்து ஊற்றவில்லை ரெங்கம், எனக்கே ஆசை வந்துவிட்டது. விழுங்கினேன். செத்துக் கிடந்த ஆலையிலிருந்து இப்படி ஒன்று வந்திருக்கிறதே என்று சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அந்த நேரத்தில் என் பிள்ளை அங்கே சுருண்டு கிடந்திருக்கிறாள். நானெல்லாம் ஒரு மனுஷனா?

தந்தி கொடுக்கத் தபாலாபீஸ் வாசல்வரை போனேன். என்ன பதில் வருமோ என்று பயந்து திரும்பிவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன். சரக்கு தேறிவிட்டது, இப்போது போய் ஏன் என்று மேனேஜர் கெஞ்சினார். இனி இந்தத் தொழிலே வேண்டாம். நாலாம் தேதி கப்பல். இருபத்திரண்டாம் தேதிவாக்கில் பம்பாயில் இறங்குவேன். அதுவரை அவளைக் காப்பாற்றி வை.

நல்லதம்பி

*

தென்காசி
10-5-1961
(பம்பாய், கப்பல் கம்பெனி ஆபீஸில் கொடுக்க வேண்டியது)

அத்தானுக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல் வரவே இல்லை. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அவள் பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி அக்கா மகளோடு தெருவில் நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

குடிக்க வேண்டாம் என்று எழுதிய என் கடிதத்துக்கு உங்கள் பதில் வரவில்லை. நாள் ஆக ஆக எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நேராகக் கேட்டால் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன். எங்க அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அது தெரிந்துதான் எழுதினேன். வேலையை விடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை அத்தான். உங்கள் கடிதம் வந்தபோது கப்பலும் புறப்பட்டுவிட்டது.

ஜாஹிரா பீவி அக்காவிடம் சொல்லி அழுதேன். "காய்ச்சல் விட்டுட்டுன்னு ஒரு வரி எழுதிப் போடுட்டீ. அவருக்கு என்ன தெரியப்போவுது?" என்றாள். பேனாவை எடுத்தேன், முடியவில்லை. நீங்கள் ஒரு வாய் விழுங்கியதை ஒளிக்காமல் எழுதிவிட்டீர்கள். நான் ஓடி விளையாடுகிற பிள்ளையைப் படுக்கையில் போட்டு எழுதினேன். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவள் தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இனி அவள் தலையில் எந்தச் சத்தியமும் வேண்டாம். அந்த வேலை திரும்பக் கிடைக்குமானால் பம்பாயிலிருந்தே போய்விடுங்கள், குறை சொல்ல மாட்டேன். வருவதானால் எந்த வண்டி என்று தெரியாது. இருபத்திநாலாம் தேதியிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பிள்ளையோடு ஸ்டேஷனில் நிற்பேன். முதலில் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம்.

ரெங்கம்மாள்